சுவருக்கு மாதம் ஐந்நூறு

ஜூலை 6, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம் பத்தரைக்கு ஆரம்பித்து ஒன்றேகாலுக்கு முடிந்தது. தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியது நாலு வரி. அதில் எழுத முடியாததை இனி இந்த நோட்டில் எழுதி வைக்கப் போகிறேன். மில் ஆபீசில் இருபத்தோரு வருடம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். தேதி போட்டு எழுதினால்தான் எனக்கு எதுவும் மனதில் நிற்கும்.

எங்கள் மனைப்பிரிவு மல்லிகை கார்டன்ஸ். அன்னூர் ரோட்டில், மொத்தம் அறுபத்தொரு வீடு. மேற்கே நிலம் பள்ளமாக இறங்கும். புரமோட்டர் அதில் எட்டடிக்கு மண் கொட்டி மட்டப்படுத்தி, மண் சரியாமலிருக்க நீளமாக ஒரு சுவர் எழுப்பினார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் பூங்காவும் புல்தரையும். அந்தப் பக்கம், எட்டடி கீழே, வரிசையாக ஒன்பது வீடுகள். நாங்கள் வருவதற்கு முப்பது வருடம் முன்பிருந்தே இருப்பவை.

41ஆம் எண் வீட்டு ஜேக்கப் சார் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்தவர். இன்று எங்களை எல்லாம் சுவரோரம் கூட்டிப்போய், வெளிப்பக்கமாகத் தூக்குக்குண்டு விட்டுக் காட்டினார். மேலே சுவரைத் தொட்ட நூல், கீழே ஐந்து விரற்கடை தள்ளி நின்றது.

"சுவர் அவங்க பக்கமா சாஞ்சிருக்கு. பின்னாடி மண்ணுல தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது. வெளிய போக ஒரு ஓட்டைகூட வைக்கல" என்றார்.

"நாலு வருஷம் நின்னுருச்சுங்க சார். இன்னும் நாப்பது வருஷம் நிக்கும்" என்றார் தலைவர் தண்டபாணி. பாங்க் மேனேஜராக இருந்தவர். கூட்டத்தை நேரத்துக்கு முடிக்க வேண்டும் அவருக்கு.

அடுத்தது புரமோட்டரின் கடிதம். கிரயத்தின்போது வீட்டுக்கு எழுபத்தைந்தாயிரம் பராமரிப்பு வைப்புத்தொகை என்று வாங்கினார்கள் அல்லவா, அது இன்னும் அவரிடமே இருக்கிறது. கட்டுமானம் எல்லாம் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போட்டால் மொத்தமும் தந்துவிடுவாராம். நான்தான் செயலாளர். தலைவர் அந்தப் பணத்தில் வாசலுக்கு ஒரு வளைவும் பூங்காவில் ஒரு நீரூற்றும் வைக்கக் கணக்குப் போட்டுவிட்டார்.

படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"படிக்க என்னங்க இருக்குது மேடம். மூணு கையெழுத்துத்தான."

மதியம் மாவரைத்தேன். எட்டு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "கையெழுத்துப் போட்டுட்டியா" என்று கேட்டார். கடிதத்தைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஜூலை 9, புதன்

புல்தரைக்குக் காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம் தண்ணீர் பாய்கிறது. இன்று நின்று பார்த்தேன். எல்லாத் தண்ணீரும் மேற்காகத்தான் இறங்குகிறது.

ஜூலை 13, ஞாயிறு

கீழே போனேன். நான்கு வருடத்தில் இதுதான் முதல் தடவை. சுற்றுப்பாதையில் நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

ருக்குமணி என்ற பெண் நூல் மில்லில் வேலை பார்க்கிறாள், வயது முப்பத்தைந்து இருக்கும். அவள் வீட்டுக் குளியலறைக்கும் சுவருக்கும் நடுவே நாலடி. சுவரின் அடியில் பச்சையாகப் பாசி. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஈரம், கோடைக்குப் பிறகும்.

"ஏனுங்கக்கா, நீங்க மேல இருந்துதான வர்றீங்க" என்று கேட்டாள்.

"ஆமா. சுவரைப் பாக்கலாம்னு வந்தேன்."

"போன வருசமே பாத்துட்டதா எழுதிக் குடுத்தீங்களே." உள்ளே போய், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்தாள். போன வருடம் அவர்கள் கொடுத்த புகாருக்கு நாங்கள் அனுப்பிய பதில். 'சுவர் நிபுணர்களால் ஆய்வு செய்யப்பட்டு உறுதியாக இருப்பது தெரியவந்துள்ளது. தாங்கள் அச்சப்படத் தேவையில்லை.'

"இதை நம்பித்தானுங்க சமையக்கட்டை இந்தப் பக்கமா இழுத்துக் கட்டுனோம். இது யாரு கையெழுத்துங்க?"

வீட்டுக்கு வந்து வெண்டைக்காய் நறுக்கினேன். தண்டபாணி சார் அன்று டைப் அடித்துக் கொண்டுவந்து, காரைக்கூட அணைக்காமல் கேட்டில் நின்றபடி நீட்டினார். ஆய்வு எதுவும் நடக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

என் கையெழுத்துத்தான்.

ஜூலை 20, ஞாயிறு

கையெழுத்துப் போட முடியாது என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். மூன்று விஷயம் கேட்டேன். சுவரைப் புரமோட்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வைப்புத்தொகை எந்த நிபந்தனையும் இல்லாமல் பாங்கில் சங்கத்தின் பேரில் வர வேண்டும். வட்டியை மட்டும்தான் தொடுவது. அது போக, வீட்டுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் சுவருக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

"சுவருக்கு மாசா மாசமா? அது என்ன சாப்பிடுதுங்களா?" என்றார் பொருளாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு யாராவது சொல்லியிருந்தால்.

ஜேக்கப் சார்தான் பதில் சொன்னார். "புல்லுக்கு மாசம் பதினெட்டாயிரம் குடுக்கறோம். அதுல பாதி சுவருக்குக் குடுத்திருந்தா நான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்க வேண்டியதே இல்ல. இருபது வருஷம் கழிச்சு இந்தச் சுவரைப் புதுசா கட்ட வேண்டி வரும். அன்னிக்கு யார் இருப்பா, யார்கிட்ட கேப்பீங்க?"

தண்டபாணி சார் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "22ஆம் நம்பர் ஊடு யாரு பேர்லீங்க மேடம் இருக்குது?"

"அவர் பேர்ல."

"அப்ப ஓட்டு சாருக்குத்தான். பொறுப்புல நீங்க இருக்கலாம், தப்பில்லை. ஆனா சொத்து அவரோடது. அதை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுங்க."

வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் என் பி.எப். பணம். அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. தீர்மானப் புத்தகத்தில், 'செயலாளர் கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

வீட்டுக்காரர் பிளம்பிங், வயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். புரமோட்டரின் வேறு இரண்டு இடங்களில் அவர் வேலைதான் நடக்கிறது. பதினோரு லட்சத்துக்குப் பில் கொடுத்திருக்கிறார், இன்னும் பாஸ் ஆகவில்லை. இதெல்லாம் இன்றைக்குத்தான் சொன்னார்.

"புரமோட்டரோட மேனேஜர் கிஷோர் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்து, உன் பேரைச் சொல்றான், கோகிலா. மேடம் ஒரு கையெழுத்துப் போட்டா நாளைக்கே செக்குங்கறான்."

"அந்தச் சுவர் கீழ விழுந்தா?"

"விழுந்தா அப்பப் பாத்துக்கலாம்."

"ஒன்பது ஊட்டுக்காரங்களும் அப்படிப் பாத்துக்க முடியுமாங்க?"

அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார். இன்றிலிருந்து மாடி அறையில் படுக்கிறார். எனக்கு ஏசி ஒத்துக்கொள்வதில்லை, அதனால் இது இரண்டு பேருக்குமே வசதிதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புல்தரைக்குத் தண்ணீர் போகும் வால்வை அடைத்து, கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தோட்டக்காரர் பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் கேட்டா என்னங்க சொல்றது?"

"செயலாளர் எடுத்துட்டுப் போனாங்கன்னு சொல்லுங்க."

"அதைச் சொல்லிப் போடறனுங்க" என்றார், வேலை குறைந்தவர் போல.

ஆகஸ்ட் 11, திங்கள்

புல் மஞ்சளாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்திரண்டு செய்தி. 'கோரியன் புல்லுக்கு அஞ்சலி' என்று ஒருவர் பூ வைத்த படம் போட்டிருக்கிறார். வால்வுக் கைப்பிடி என்னிடம்தான் இருக்கிறது, மழை முடியும்வரை என்னிடமே இருக்கும் என்று ஒரு வரி போட்டேன். மாலையில் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். போன் நிம்மதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கலெக்டர் ஆபீசில் மனு நாள். ருக்குமணியும் கீழ்வரிசைக்காரர்கள் ஆறு பேரும் நானும் பஸ்ஸில் போனோம். மனு நான் எழுதியது. ஒன்பது வீட்டுக் கையெழுத்தும் வாங்கி, பத்தாவதாக நான் போட்டேன். போன வருடம் நான் அனுப்பிய பதிலையும் நகல் எடுத்து இணைத்து, 'இதில் சொல்லப்பட்ட ஆய்வு நடக்கவில்லை' என்று அடியில் எழுதியிருந்தேன்.

ருக்குமணி அதைப் படித்துவிட்டு, "இதைச் சேத்தா உங்களுக்குத்தானக்கா வம்பு" என்றாள்.

"இருக்கட்டும்."

"சரிங்க" என்றாள். அதற்கு மேல் என்னைத் தேற்றவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பதிவு செய்த ஊழியர் முகவரிகளைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா மட்டும் மேல இருக்கீங்களே. நீங்க எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

"சுவருக்கு மேல் பக்கம். அதனாலதான் வந்தேன்."

திரும்பும்போது டீக்கடையில் எல்லோருக்கும் நான் காசு கொடுக்கப் போனேன். ருக்குமணி விடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வருவாய் ஆய்வாளர் வந்து அளந்துவிட்டுப் போனார். எங்கள் தெருவில் 23ஆம் எண் வீட்டு அம்மா கோலப்பொடி டப்பாவோடு உள்ளே போய்விட்டார், என்னைக் கண்டதும். என் வீட்டுக்காரர் வேலைச் சாமான் ஏற்றும் வேனை விற்றுவிட்டார். ஷெட்டில் இடம் தாராளமாகக் கிடக்கிறது, மழைக்காலத்தில் துணி காயப்போட உதவும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பதினைந்தாம் தேதிக்கு மேல் பெருமழை என்கிறார்கள். அரசு உத்தரவு இன்னும் வரவில்லை. சுவரில் துளை போட்டு நீரை வடியவிட்டால் இந்த மழையைத் தாண்டலாம் என்று ஜேக்கப் சார் இருபத்திரண்டு இடம் குறித்து வரைந்து கொடுத்திருக்கிறார். கமிட்டியில் வைத்தேன். புரமோட்டர் சொல்லாமல் சுவரைத் தொடக்கூடாது என்றார்கள். ஜேக்கப் சார், தொடாமல் விட்டால் வரும் பழிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். தீர்மானம்: ஒத்திவைக்கப்பட்டது.

துளை போடும் மிஷின் எங்கள் ஷெட்டிலேயே இருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நான் தரமாட்டேன். தந்தேன்னு தெரிஞ்சா அந்த பில்லை மறந்துர வேண்டியதுதான்" என்றார்.

"சரி. நீங்க தரலைன்னே இருக்கட்டும்."

அக்டோபர் 8, புதன்

அவர் ஏழு மணிக்குக் கிளம்பிப் போனதும், அவரிடம் வேலை பார்த்த மயில்சாமியை வரச் சொல்லி, மிஷினை ஆட்டோவில் ஏற்றிக் கீழே கொண்டுபோனேன். பதினைந்து வருடம் தொழில் பார்த்தவன். வேன் போன பிறகு அவனுக்கும் வேலை இல்லை. கூலி என் கையிலிருந்து.

கீழ்வரிசையில் இரண்டு பேர் மறித்தார்கள். "உங்க தண்ணிய எங்க ஊட்டுக்குள்ள உடறதுக்கா ஓட்டை போடறீங்க?" நியாயமான கேள்வி. ஜேக்கப் சார் தரையில் குச்சியால் கோடு போட்டு, வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் நேராகப் பள்ளத்துக்குப் போய்விடும் என்று விளக்கினார். ருக்குமணி இன்று ஷிப்ட்டுக்குப் போகவில்லை. முதல் மண்வெட்டியை அவள்தான் போட்டாள். பதினோரு மணிக்குள் வாய்க்கால் பள்ளத்தைத் தொட்டுவிட்டது.

முதல் துளை பதினொன்றேகாலுக்கு முடிந்தது. மயில்சாமி மிஷினை உருவினான். ஒரு நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி அவன் சட்டை முழுவதையும் நனைத்தது. மழையே இன்னும் பெய்யவில்லை. அவ்வளவும் நாங்கள் புல்லுக்கு விட்ட தண்ணீர்.

மேலே பூங்கா ஓரத்தில் தண்டபாணி சார் வந்து நின்றார். "நிறுத்துங்க மேடம். இது சங்கத்துச் சொத்து. போலீசுக்குப் போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க சார். வரட்டும். தண்ணி வர்றதை அவங்களும் பாக்கட்டும்."

அவர் போனைக் காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றார். யாரும் வரவில்லை. மாலைக்குள் பதினோரு துளை முடிந்தது. அதோடு மிஷின் முனையில் துளைக்கும் பிட் தேய்ந்துவிட்டது. புதிது வாங்க என்னிடம் பணம் இல்லை. மிஷினைத் திரும்ப ஷெட்டில் கொண்டுவந்து வைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் ஷெட்டைத் திறந்தபோது மிஷினில் புதுப் பிட் மாட்டியிருந்தது. பழையதைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார் வீட்டுக்காரர். தோசைக்குத் தக்காளிச் சட்னி அரைத்தேன், அவருக்குப் பிடிக்கும் என்பதால் அல்ல, தக்காளி அழுகிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டும் முடிந்தது.

அக்டோபர் 22, புதன்

மூன்று நாள் மழை. விடியற்காலையில் குடையோடு கீழே போனேன். இருபத்திரண்டு துளையிலும் தண்ணீர். வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது. ஜேக்கப் சார் குண்டு விட்டுப் பார்த்தார். அதே ஐந்து விரற்கடை. ஒரு நூல்கூடக் கூடவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மழை நின்றுவிட்டது. சுவரும் நின்றுவிட்டது. பால் வாங்கும் இடத்தில் பொருளாளர் சொன்னார்: "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலை. சும்மா எல்லாரையும் பயமுறுத்திட்டீங்க."

வீட்டுக்கு வந்து, ஆறாமல் கொஞ்ச நேரம் பாத்திரம் தேய்த்தேன். விழுந்திருந்தால் என்னை நம்பியிருப்பார்கள். இனி வருடா வருடம் விழாமல் இருக்கும். வருடா வருடம் இதையேதான் கேட்பார்கள். கேட்கட்டும். நானும் வருடா வருடம் சொல்கிறேன்.

நவம்பர் 5, புதன்

கோட்டாட்சியர் உத்தரவு வந்துவிட்டது. நாற்பத்தைந்து நாளில் புரமோட்டர் தன் செலவில் சுவருக்குத் தாங்குதூண் கட்டி முடிக்க வேண்டும். அதுவரை பக்கத்தில் அவர் போடும் அடுத்த மனைப்பிரிவுக்கு அனுமதி கிடையாது. ருக்குமணி மில்லிலிருந்து போன் செய்தாள். பின்னால் மிஷின் சத்தம். "படிச்சுக் காட்டுங்கக்கா, மெதுவா" என்றாள். இரண்டு தடவை படித்தேன்.

நவம்பர் 19, புதன்

வைப்புத்தொகை பாங்குக்கு வந்துவிட்டது. 'கட்டுமானம் எல்லாம் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அடித்த இடத்திலும் போட்டேன். அடுத்த மனைப்பிரிவு அவசரம் அவர்களுக்கு. கிஷோர் அப்படியே வாங்கிக்கொண்டான். தண்டபாணி சாரின் சாமர்த்தியத்தால் பணம் வந்தது என்று வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்களாம். ஜேக்கப் சார் காட்ட வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.

வீட்டுக்காரரின் பில் மட்டும் பாஸ் ஆகவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

பொதுக்குழு. ஐம்பத்தெட்டு வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். சுவருக்கு மாதம் ஐந்நூறு என்ற என் தீர்மானம் கடைசியாக வந்தது. முன்வரிசையில் கிஷோர் வந்து உட்கார்ந்திருந்தான். யார் கூப்பிட்டது என்று கேட்டேன். விருந்தினர் என்றார்கள். சுவருக்கென்று நிதி வைத்தாலே சுவரில் குறை என்று ஆகிவிடும் புரமோட்டருக்கு.

ரகசிய ஓட்டு வேண்டாம், வீட்டு எண்ணைக் கூப்பிட்டு வாயால் சொல்ல வேண்டும் என்றார் தண்டபாணி சார். கூப்பிட்டு எழுத வேண்டியது செயலாளர். ஒன்றிலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன்.

"இருபத்தி ரெண்டு."

பின்வரிசையில் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். கிஷோர் திரும்பி அவரைப் பார்த்தான்.

"எதிர்ப்பு" என்றார்.

22, ஆறுச்சாமி, எதிர்ப்பு. எழுதினேன். அடுத்து, "இருபத்தி மூணு" என்றேன். கோலப்பொடி அம்மாவின் வீட்டுக்காரர் எழுந்து, தன் பக்கத்திலிருந்த மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஆதரவு" என்றார்.

ஆதரவு முப்பத்து மூன்று. எதிர்ப்பு இருபத்தைந்து. தீர்மானம் நிறைவேறியது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே மாதிரிதான் இருக்கிறது.

வீட்டுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்து வந்தோம். ஒரே தெரு, வேறு வழி இல்லை. கேட்டுப் பக்கம் வந்ததும், "பதினோரு லட்சம், கோகிலா" என்றார்.

"தெரியுங்க."

"ஜெயிச்சுட்டீல்ல."

"உங்க ஓட்டு இல்லாமயே."

டிசம்பர் 1, திங்கள்

வசூல் ஆரம்பம். புது ரசீதுப் புத்தகம், நூறு தாள். நகல் தாள் வைத்து எழுதுவது. 1ஆம் எண் வீட்டிலிருந்துதான் வழக்கமாகத் தொடங்குவோம். நான் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டிலேயே தொடங்கினேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சுவர் நிதி. ஐந்நூறு ரூபா."

"வீட்டுக்குள்ளயே வசூலா?"

"சொத்து உங்க பேர்லதான இருக்குது. ஓனர்கிட்டத்தான் வாங்கணும்."

எழுந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். "இதுக்கு ரசீது எதுக்கு?"

"வேணும். அடுத்த செயலாளர் வந்து பாத்தா, எதிர்த்து ஓட்டுப் போட்டவங்களும் கட்டியிருக்காங்கன்னு தெரியணும்."

ரசீது எண் 1, வீட்டு எண் 22, ஆர். ஆறுச்சாமி அவர்கள். தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, என் கையெழுத்துவரை முழுதாகப் படித்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தண்டபாணி சார் வீட்டுக்குக் கிளம்பினேன்.